முற்றவெளிக்கு வேலி எதற்கு?

அன்புள்ள ஐயா,
யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் கிடக்கும் முற்றவெளிக்குக் கல் பதித்து, கம்பிவேலி அடைத்து, வாங்குகள் போட்டு ஒரு நகரச் சதுக்கமாக்கினால் என்ன? மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அதோடு சேர்க்கலாமே. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட எங்களுக்கும் ஒன்று வேண்டாமா?
- வாசகர், நல்லூர்

அன்புள்ள தம்பி,

ஊர்மேல் உமக்குள்ள பற்று கடிதம் முழுக்கத் தெரிகிறது, சந்தோஷம். வருகிறவர்களுக்குக் காட்டவா ஊர்? அந்த வரியை மட்டும் வெட்டியிருக்கலாம்.

1658இல் போர்த்துக்கேயரிடம் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகக் கட்டினார்கள். அகழிக்கு அப்பால் வீடோ மரமோ நின்றால் பகைவன் மறைந்து வருவான், பீரங்கிக்குக் குறி தப்பும். அதற்காக வெறுமையாய் விட்ட நிலம் இது. பீரங்கி போய், வெளி எங்களுக்கு மிஞ்சியது. நீர் அதை அடைக்கச் சொல்கிறீர்!

வேலிக் கணக்கைப் பாரும். வெளியில் ஒரு பெருங்கூட்டம் கூடுகிறது என்று வையும். ஒரு மீற்றர் அகல வாசலால் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம். 10,000 பேருக்கு 5 மீற்றர் வாசல் இரண்டு வைத்தால், ஒழுங்காக நடந்தாலே 12 நிமிடத்துக்கு மேல். பயந்த சனம் ஒழுங்காக நடக்காது. வந்த வாசலுக்கே எல்லோரும் ஓடுவார்கள், மற்ற வாசல் சும்மா கிடக்கும். முன்னால் ஒருவர் விழுந்தது பின்னால் தள்ளுகிறவருக்குத் தெரியாது.

1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், முற்றவெளிக்குப் பக்கத்திலுள்ள வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்ட சனத்தின்மேல் பொலிஸ் பாய்ந்தது. அறுந்து விழுந்த மின்கம்பியில் உயிர்கள் போயின. குற்றம் பொலிசுடையது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் கூட்டம் ஒழுங்கு செய்கிறவர் முதலில் அண்ணாந்து பார்க்கவேண்டும். தலைக்கு மேல் கம்பி போகும் இடத்தில் சனத்தை இருத்தக்கூடாது. மேடைக்கு மின்சாரம் நிலத்துக்குக் கீழால் வரவேண்டும். மேடையின் முதுகு அகழிப்பக்கம் இருந்தால், கலைகிற சனம் அகழியை விட்டு நகரப்பக்கம் போகும். மேற்கு வெயில் சனத்தின் கண்ணில் அடிக்கும்தான், கூட்டத்தைப் பொழுதுபட்டபின் தொடங்கும். நாலு பக்கமும் திறந்திருந்தால்தான் இதெல்லாம் பயன்படும்.

கல்? ஒரு ஹெக்டயர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10 இலட்சம் லீற்றர். மண்ணென்றால் அதில் ஒரு பங்காவது சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கிணற்றுக்கு உதவும். கல்லென்றால் வழிந்து கடல்நீரேரிக்குப் போய்விடும். ஆறில்லாத ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

மணிக்கூட்டுக் கோபுரம் வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாக 1882இல் கட்டியது. அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

வாங்கு போடலாம். நூலகப் பக்கத்து ஓரமாக, நிழல் பார்த்து.