அளந்து சாப்பிடும் கணவர், பயந்து சாப்பிடும் மகள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. சென்ற ஆண்டு அவருடைய அலுவலக நண்பர், இவர் வயதுக்காரர், மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன்பின் பரிசோதித்ததில் இவருக்கும் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, ஐந்தாறு கிலோ எடையைக் குறைக்கச் சொன்னார். 74 கிலோ இருந்தவர் இப்போது 52 கிலோ. உயரம் 170 செ.மீ. சர்க்கரை, எண்ணெய், அரிசி, பால், கடைசியில் உப்பு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். காய்கறியைக்கூட தராசில் நிறுத்துத்தான் சாப்பிடுகிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது. கேட்டால், "உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுது" என்கிறார். சொந்தக்காரர்களோ அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். போன வாரம் எங்கள் 9 வயது மகள், பள்ளியில் யாரோ கொடுத்த பிறந்தநாள் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைச் சாப்பிட்டா அந்த அங்கிள் மாதிரி செத்துப்போயிடுவேனாம்மா?" என்று கேட்டாள். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்:
சகோதரி, நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. மற்றதைப் பேசும் முன் அந்தத் தலைசுற்றலைப் பார்த்துவிடுவோம். அதைத் தள்ளிப்போட முடியாது.

74 கிலோ உடம்புக்கு என்று எழுதிக் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரை, 52 கிலோ உடம்புக்கு அதிகமாகிவிடலாம். எடை குறைந்தாலே அழுத்தம் இறங்கும். உப்பைக் குறைத்தால் இன்னும் இறங்கும். இரண்டும் நடந்திருக்கும்போது அதே அளவு மாத்திரையும் தொடர்ந்தால், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். இதில் நச்சு வெளியேறும் கதை எதுவும் இல்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்காக யாரும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். 170 செ.மீ. உயரத்துக்கு 52 கிலோ என்றால் உடல் நிறை எண் 18 வருகிறது. 18.5க்குக் கீழே போனாலே அது எடைக்குறைவு. ஐந்தாறு கிலோ குறைக்கச் சொன்ன இடத்தில் 22 கிலோ போயிருக்கிறது. தைராய்டு, காசநோய், சர்க்கரை நோய் போன்றவையும் எடையைக் கரைக்கும் என்பதால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். இசிஜி, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பி12 அளவு ஆகியவற்றையும் டாக்டர் பார்ப்பார்.

சரி, இனி மனசுக்கு வருவோம். ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் இந்த நிலைக்கு 'ஆர்த்தோரெக்ஸியா' என்று பெயர் வைத்தார். சரியான உணவை மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்து வளர்ந்து வாழ்க்கையையே விழுங்கிவிடுவது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது இன்னும் தனி நோயாகச் சேரவில்லை. அதனால் உங்கள் டாக்டர் பதற்றம், எண்ணச் சுழற்சி (ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வருவது), உணவுக் கோளாறு என்று வேறு பெயர் சொல்லலாம். பெயர் எதுவானாலும் சிகிச்சை உண்டு.

அக்கறை எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்று கேட்பீர்கள். சஷ்டி விரதம் இருப்பவர்களைப் பாருங்கள். விரதம் முடிந்ததும் நிம்மதியாக இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உங்கள் கணவருக்கு அந்த முடிகிற நாள் வருவதே இல்லை. ஒன்றை விட்டதும் அடுத்தது ஆபத்தாகத் தெரிகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் இரண்டே நாளில் 360 நிமிடம் நடக்கிறார். நண்பரின் சாவு கொடுத்த பயம் இன்னும் அடங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தராசும் நடையும் அந்தப் பயத்தைக் கொஞ்ச நேரம் அமர்த்துகின்றன, அப்புறம் அது திரும்பி வருகிறது. அந்த நண்பருக்காக அவர் ஒரு தடவையாவது அழுதாரா?

அதனால் எண்ணெய் நல்லதா, அரிசி கெட்டதா என்று அவரோடு வாதம் செய்யாதீர்கள். உங்களைவிட அதிகம் படித்து வைத்திருப்பார். வாதத்தில் ஜெயிப்பார், பிடி இன்னும் இறுகும். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்" என்று தட்டில் அள்ளி வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் நெய் கலந்து கொடுப்பது அதைவிட மோசம். தெரிந்துவிட்டால் உங்கள் கைச் சாப்பாட்டையே நம்பமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். மகள் தூங்கிய பிறகு, "எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க எழுந்திருக்கும்போது தடுமாறுறீங்க. பி.பி. மட்டும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இதயத்துக்காகத்தானே இவ்வளவும் செய்கிறார், அதனால் இதயத்தைக் காட்டக் கூப்பிட்டால் வர வாய்ப்பு அதிகம். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் நீங்கள் மட்டும் பேசிப் பார்க்க நினைத்தால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.

"எப்படி இளைச்சுட்டாரு பாரு" என்று மெச்சுகிற சொந்தக்காரர்களிடம் தனியாகச் சொல்லி, அவர் உடம்பைப் பற்றிய பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பாராட்டு அவருக்கு உரம் போடுகிறது.

மகள் விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மடியில் உட்கார வைத்து, "சாக்லேட் சாப்பிட்டா யாரும் செத்துப்போறதில்லடா. அந்த அங்கிளுக்கு இதயத்துல நோய் இருந்தது" என்று நேராகச் சொல்லுங்கள். அப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். "அப்பாவுக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்கு, டாக்டர் சரிபண்ணுவார்" என்றால் அவளுக்குப் புரியும். வளரும் பிள்ளைக்குச் சோறு, பருப்பு, முட்டை, பால், எண்ணெய் எல்லாம் வேண்டும். அவள் சாப்பாட்டில் அவருடைய விதிகள் எதுவும் நுழையக் கூடாது. இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது, வீட்டில் சண்டை வந்தாலும் சரி. தராசு அவள் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

அவர் மனம் மாறிச் சாப்பிடத் தொடங்கினாலும், சந்தோஷத்தில் ஒரே நாளில் விருந்து வைத்துவிடாதீர்கள். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்ட உடம்பில் திடீரென நிறைய உணவு போனால், இரத்தத்தில் தாது உப்புகள் தாறுமாறாகி இதயத்தைப் பாதிக்கலாம். அளவைக் கூட்டும் வேகத்தை டாக்டரே சொல்லட்டும். அதற்குள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கால் வீங்கினாலோ 108ஐ அழையுங்கள். எதற்கும் வரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போய் அந்த டாக்டரைப் பாருங்கள். 22 கிலோ குறைந்ததை அவரிடம் சொல்லுங்கள்.