உண்மையாகத்தான் நம்புகிறார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்து இப்போது பீனிக்ஸில் குடியிருக்கிறேன். என் அக்காளின் கணவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பொங்கலையும் மாரியம்மன் கஞ்சியையும் தொடுவதில்லை. அண்மையில் எங்கள் அம்மா காலமானார். கருமாதிக்கு அவரும் வரவில்லை, அக்காளையும் வரவிடவில்லை. ஓரினத் திருமணம், கருக்கலைப்பு, கோயில் எல்லாம் சாத்தானின் வேலை என்று பேசும் அவர், தம் கடையில் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படியான கூலியைக்கூடத் தருவதில்லை. எங்கள் கோயில் கமிட்டியில் ஆசாரம் பேசும் சிலரும் இப்படித்தான். இவ்வளவு இறுக்கமாக மதம் பேசுகிறவர்களில் உண்மையாக நம்புகிறவர் எவருமில்லை, எல்லாம் பிறரை அடக்கி வைப்பதற்கான நடிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் மறைவுக்கு என் இரங்கல். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் அத்தான் சொல்வதை நம்பித்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர்மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு.

தைப்பூசத்தன்று நாக்கில் வேல் குத்திக் காவடி எடுப்பவரின் பக்தியை நாம் சந்தேகிப்பதில்லை. (அடுத்த தெருக்காரர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எடுப்பவர்களும் உண்டு, அதை நமக்குள் பேசிக்கொள்வதோடு விட்டுவிடுகிறோம்.) அவருடைய நம்பிக்கைக்கான விலையை அவருடைய உடலே கொடுத்துவிடுகிறது. மதப் பழமைவாதியின் நம்பிக்கையோ, பிறர் எதையெல்லாம் செய்யக் கூடாது என்ற வடிவத்தில்தான் பெரும்பாலும் நம் காதில் விழுகிறது. விலை பிறர் கணக்கில் ஏறுவதைக் கண்டதும், இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று மனம் தேடத் தொடங்குகிறது.

2017இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வொன்று இந்த மனநிலையை விளக்குகிறது. ஒரு தவற்றைக் கண்டிப்பவரைப் பார்க்கும்போது, 'நான் அதைச் செய்வதில்லை' என்று நேராகச் சொல்பவரைவிடவும் இவர் ஒழுக்கமானவர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பின்பு அவரே அதைச் செய்கிறார் என்று தெரியும்போது, நம்மை இப்படி நம்பவைத்தாரே என்பதில்தான் கோபம் அதிகம் எழுகிறது. தாமும் அவ்வப்போது தவறுவதுண்டு என்று ஒப்புக்கொண்டு கண்டிப்பவரை மக்கள் அந்த அளவுக்கு வெறுப்பதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். உங்கள் அத்தான் அப்படி ஒருமுறையும் ஒப்புக்கொண்டதில்லை போலிருக்கிறது. அது நியாயமான குறை. ஆனால் நம்பியதைக் கடைப்பிடிக்க முடியாதவர்களால் நிறைந்ததுதான் உலகம். தவறியதை வைத்து நம்பவில்லை என்று தீர்ப்பளித்தால் கோயிலிலும் சபையிலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

நமக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கை இங்கே நினைவுபடுத்த வேண்டும். டர்பனில் பெண்கள் பள்ளி ஒன்றில் படித்த தமிழ் மாணவி மூக்குத்தி அணிந்து வந்ததைப் பள்ளி மறுத்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்று 2007 அக்டோபரில் மாணவியின் பக்கம் தீர்ப்பானது. மூக்குத்தி கட்டாயமான சடங்கு அன்று, விருப்பத்தின்பேரில் அணிவது என்ற வாதம் அங்கே எழுந்தது. தலைமை நீதிபதி பயஸ் லங்கா அதை ஏற்கவில்லை. ஒரு வழக்கம் ஒருவருடைய மதத்திலும் பண்பாட்டிலும் எவ்வளவு முக்கியம் என்பதை அவர் உள்ளபடி நம்புவதை வைத்தே பார்க்க வேண்டும் என்றும், விருப்பத்தின்பேரில் செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. அதற்குப் பிறகு நீதிமன்றம் வேறொரு கேள்வியையும் கேட்டது. இந்த மூக்குத்திக்கு இடம் கொடுத்தால் பள்ளிக்கு என்ன கெட்டுவிடும்? பெரிதாக எதுவும் கெடாது என்பதே விடை.

இந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். உள்ளபடி நம்புகிறாரா என்ற முதல் கேள்வியில், நம் மூக்குத்திக்குக் கிடைத்த தாராளத்தை உங்கள் அத்தானுக்கும் கொடுத்தே ஆகவேண்டும். அதனால் பிறருக்கு என்ன கெடுகிறது என்ற இரண்டாவதில்தான் அவரை நிறுத்திக் கேட்க வேண்டும். ஓரினத் திருமணத்தை அனுமதித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சி இடங்கொடாத அரசுத் திருமண அலுவலர்கள் அத்தகைய திருமணங்களை நடத்தி வைக்காமல் ஒதுங்கிக்கொள்ள அனுமதித்திருந்தது. 2020இல் நாடாளுமன்றம் அந்த விலக்கை நீக்கியது. அந்த அலுவலர்கள் நடித்தார்கள் என்பதற்காக அது நீக்கப்படவில்லை. சட்டம் கொடுத்த உரிமையைத் தேடி அரசு அலுவலகத்துக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வழி இருக்கக் கூடாது என்பதற்காகவே நீக்கப்பட்டது.

நடிப்பு என்று சொல்லிவிடுவதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. அபார்ட்ஹைட் என்னும் இனவொதுக்கலுக்கு, வெள்ளை ஆப்பிரிக்கானர்களின் டச்சு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள், கடவுள் மனிதர்களை மொழிவாரியாகப் பிரித்துச் சிதறடித்ததாகச் சொல்லும் பைபிளின் பாபேல் கோபுரக் கதையிலிருந்து ஆதாரம் காட்டினார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குடியிருப்புப் பகுதி வகுத்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளான நாம், நிலத்தாசைக்கு அங்கி மாட்டிய கதை என்று அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். நிலத்தாசை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பேயர்ஸ் நோடே அந்தத் திருச்சபையின் போதகர்தானே? பிரேடர்பாண்ட் என்னும் ஆப்பிரிக்கானர்களின் ரகசிய அமைப்பிலும் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தவர் அவர். கறுப்பினப் போராட்டக்காரர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்ற 1960இன் ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் அதே வேதத்தைத் திரும்பப் படித்து, 1963இல் அந்த அமைப்பையும் தம் போதகர் பதவியையும் விட்டு வெளியேறினார். 1977 முதல் ஏழாண்டுகள் பேச்சையும் நடமாட்டத்தையும் முடக்கும் அரசின் தடையாணைக்குள் வாழ்ந்தார். 1982இல் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, இனவொதுக்கலை வேதத்தால் நியாயப்படுத்துவது சமயத் துரோகம் என்று அறிவித்து இந்தத் திருச்சபையின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர் தமக்காகவும் தம் திருச்சபைக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போராட்டமும் பொருளாதாரத் தடையும் இல்லாமல் இது நடந்திருக்காது. எனினும், திருச்சபைக்குள் அந்த மாற்றம் வேத விவாதமாகவே நடந்தது. அந்தப் போதகர்கள் உண்மையாக நம்பினார்கள் என்று எடுத்துக்கொண்டவர்களால்தான் அந்த விவாதத்தை நடத்த முடிந்தது. அவர்கள் நம்பியது கொடுமையானது என்பதை அவர்களுடைய நேர்மை ஒரு துளியும் குறைக்கவில்லை.

உங்கள் அத்தானின் கூலி விவகாரத்தை இப்படிப் பாருங்கள். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்த செல்வர்களை பைபிளில் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கடுமையாகச் சாடுகிறது. நடிகரிடம் அந்த வசனத்தைக் காட்டிப் பயனில்லை. நம்புகிறவரிடம் காட்டலாம், அவருடைய போதகர் முன்னிலையிலேயே காட்டலாம். அதற்கும் அசையவில்லை என்றால் 2019 முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலை செய்பவர்கள் தொழில் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வில் முறையிடலாம், அங்கே அவருடைய பக்தியை யாரும் விசாரிக்கப் போவதில்லை. கோயில் கமிட்டியைப் பற்றியும் எனக்கு இதே கருத்துத்தான்: அவர்கள் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, வைக்கும் விதியால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

கருமாதிக்கு அவர் வராதது உங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் அது அவருடைய மனச்சாட்சிக்கு உட்பட்டது, விட்டுவிடலாம். அக்காளைத் தடுத்தார் என்றால் அது வேறு. பெற்ற தாய்க்கு மகள் செய்ய வேண்டியதைத் தடுக்க எந்த நம்பிக்கையும் கணவனுக்கு உரிமை தரவில்லை, அங்கே நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 'வரவிடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அக்காள் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. இத்தனை ஆண்டுகள் அவரும் அதே சபைக்குப் போகிறவராக இருந்தால், வராமல் இருந்தது அவருடைய முடிவாகவும் இருக்கலாம். அத்தானிடம் பேசப் போவதற்கு முன் அக்காளைத் தனியே பார்த்து அதைக் கேளுங்கள்.

அன்புடன்