16 கேஜா, 20 கேஜா: சிங்க் தகட்டின் கனம் பார்ப்பது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். அடுக்களைக்கு எவர்சில்வர் சிங்க் பார்க்கப் போனால் ஒரு கடையில் 16 கேஜ், இன்னொரு கடையில் 18 கேஜ் காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரரோ, ‘20 கேஜ் எடுங்கள், எண் பெரிதென்றால் கனமும் அதிகம்’ என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், உணவுக் கழிவை அரைத்துத் தள்ளும் டிஸ்போசரையும் மாட்டச் சொல்கிறான். எதை வாங்குவது?

பதில்: மூன்றாவது கடைக்காரர் சொன்னது தலைகீழ். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. ‘ஏறக்குறைய’ என்கிறேன், ஏனென்றால் பிரிட்டிஷ் கேஜ் அட்டவணையும் அமெரிக்க அட்டவணையும் ஒன்றல்ல. எனவே கேஜை விட்டுவிட்டு, தொட்டியின் அடித்தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுத்ததும் சில கடைகளில் 1.2 சட்டென்று 1 ஆகிவிடும்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். தட்டையான தகட்டின் விறைப்பு, கனத்தின் முப்படிக் கணக்கில் (கனம் × கனம் × கனம்) கூடும். 0.8 மில்லிமீட்டருக்குப் பதில் 1.2 எடுத்தால் கனம் ஒன்றரை மடங்குதான். விறைப்போ மூன்று மடங்குக்கு மேல். நம் பக்கத்துச் சிங்கில் பீங்கான் தட்டு மட்டுமா விழுகிறது? வெண்கல உருளி, பித்தளைச் சருவம், கிரைண்டரின் குழவிக்கல் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சோப்புக் கையிலிருந்து குழவி நழுவினால் 0.8 தகடு குழிந்துவிடும். குழிந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். சிறிய குடும்பத்துக்கு 1 மில்லிமீட்டர் போதும். கனமான பாத்திரங்கள் புழங்கும் வீட்டுக்கு 1.2 வாங்கலாம். 1.5 என்பது ஓட்டல் சமையற்கட்டுக்கு. வீட்டுக்கு அது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

அளக்கும்போது விளிம்பை நம்பாதீர்கள். விளிம்பு மடித்திருக்கும், அல்லது தனியாகத் தடித்த பட்டை வைத்து வெல்டு செய்திருக்கும். அச்சில் அழுத்தி இழுத்த தொட்டியில் அடி மூலைகள்தான் அதிகம் மெலிந்திருக்கும். மடித்து வெல்டு செய்யும் ‘ஹேண்ட்மேட்’ வகையில் எங்கும் ஒரே கனம் இருக்கும். இதைவிட எளிய வழி தராசு. ஒரு சதுர மீட்டர் தகடு, 1 மில்லிமீட்டர் கனத்தில், சுமார் 8 கிலோ. 24க்கு 18 அங்குலத்தில் 9 அங்குல ஆழமுள்ள தொட்டிக்கு ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். ஐந்தரை கிலோ வர வேண்டும். கூடையையும் கழிவுநீர் கப்ளிங்கையும் எடுத்துவிட்டு எடை போடும்போது முள் மூன்றரையில் நின்றால், ‘1 மில்லிமீட்டர்’ வெறும் பேச்சு.

தட்டும்போது டங்கென்று ஒலிப்பதை வைத்துக் கனத்தை முடிவு செய்ய வேண்டாம். அடியில் ஒட்டிய ரப்பர் பட்டை மெல்லிய தகட்டின் சத்தத்தையும் அடக்கிவிடும்.

கனம் துருவைத் தடுக்காது. அது உலோகத்தின் தரத்தைப் பொறுத்தது. 304 தரத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், துருவை எதிர்க்கும் வலுவும் குறையும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்பது கடைகளில் பழகிப்போன ஏமாற்று. 202இலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 தொட்டியின் மூலையில் லேசாக ஒட்டவும் கூடும், அழுத்தி இழுத்ததன் விளைவு அது. தரத்தைப் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் வைத்திருக்கும் கடையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களிலும் உப்பு நீர் வரும் வீடுகளிலும் 304க்குக் கீழே இறங்கவே கூடாது. தாமிரபரணி தண்ணீர் வரும் உங்கள் வீட்டிலும் பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் ஊறவிடாதீர்கள். உப்பு நீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் உள்ள குளோரைடு 304ஐயும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இனி மகனின் யோசனை. டிஸ்போசர் சிங்கின் கழிவுத் துளையிலேயே தொங்கும். பெரிய வகைகள் பத்துக் கிலோவையும் எட்டும், ஓடும்போது அதிரும். அதற்கு 1.2 மில்லிமீட்டர் தகடு வேண்டும், துளை 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் நான் கேட்பது, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? செப்டிக் டேங்க் என்றால் அரைத்த கழிவு அடியில் கசடாகப் படியும். தொட்டியை அடிக்கடி அள்ள வேண்டியிருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் வாழைத்தண்டு நாரும் முருங்கைக்காய்ச் சக்கையும் தேங்காய் நாரும் அதன் அரைக்கும் தட்டில் சுற்றிக்கொள்ளும். நம் சமையலில் இவை விழாத நாள் எது?

இப்போதைக்கு அது வேண்டாம். 304 தரம், 1.2 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் துளை உள்ள தொட்டியாக எடுத்துவிடுங்கள். சிங்கின் கீழே ஒரு பிளக் பாயின்ட்டும் விட்டு வைக்கச் சொல்லுங்கள். மகன் ஊர் திரும்பி, காய்கறித் தோலை அள்ளிப்போட அலுத்துக்கொண்டால், அப்போது அவனே மாட்டிக்கொள்ளட்டும்.