வாரண்ட் வேறு, பட்டா வேறு: அமெரிக்க எல்லைப் போர்களின் கிழட்டுச் சிப்பாய்களும் அவர்களுக்குக் கிடைத்த நிலமும் (கேள்வி பதில்)

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பத்து வருடமாக அமெரிக்காவின் பழைய ராணுவ நில மானிய ஆவணங்களைப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி வாசகர்: போருக்குப் போனவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள் என்கிறார்கள். ஏன் தலை நரைத்த பிறகு கொடுத்தார்கள்?

வாக்குறுதி பழையது. 1776 செப்டம்பரில், சுதந்திரப் போருக்கு ஆள் சேர்க்கும்போதே, சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அறிவித்துவிட்டது. அப்போது காங்கிரஸின் கையில் ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. பிறகு மாநிலங்கள் மேற்கு நிலங்களை விட்டுக்கொடுத்து, ஒஹாயோவில் ராணுவ வட்டாரம் என்று ஒதுக்கியது 1796இல். இருபது வயதில் துப்பாக்கி தூக்கியவனுக்கு அதற்குள் நாற்பது ஆகிவிட்டது.

எல்லைப் பகுதியில் பூர்வகுடிகளுக்கு எதிராக ஒரு மாதம், இரண்டு மாதம் போய் வந்த ஊர்ப்படைக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனோடு நடந்த 1812 போரின் நிரந்தரப் படைச் சிப்பாய்க்கு 160 ஏக்கர் கிடைத்தது. ஊர்ப்படைக்காரனுக்கு 1850 செப்டம்பர் 28ஆம் தேதிச் சட்டம் வரும்வரை ஒன்றுமில்லை. 1790க்குப் பிந்தைய எல்லாப் பூர்வகுடிப் போர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஒன்பது மாதச் சேவைக்கு 160 ஏக்கர், நான்கு மாதத்துக்கு 80, ஒரு மாதத்துக்கு 40. ஒஹாயோ பக்கம் பூர்வகுடிகளோடு நடந்த ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் 1794இல் ஜெனரல் ஆந்தனி வெய்னோடு நின்ற இருபது வயதுப் பையனுக்கு அப்போது 76. அந்த வயதில் எவன் காடு வெட்டி ஏர் பூட்டுவான்?

1855 ஜனவரியில் 1812 போரின் கிழவர்கள் வாஷிங்டனில் மாநாடு கூட்டினார்கள். மார்ச் 3ஆம் தேதி புதுச் சட்டம் வந்தது: பதினான்கு நாள் சேவை, அல்லது ஒரே ஒரு சண்டை போதும், 160 ஏக்கர். ஓய்வூதியத்துக்கு ரொக்கம் வேண்டும். நிலத்துக்கு ஒரு காகிதம் போதும். அரசாங்கம் இவ்வளவு தாராளம் காட்டியதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழேயும் சொல்வேன். அந்தக் காகிதத்தின் பெயர் வாரண்ட். அது பட்டா இல்லை. அதைக் கொண்டுபோய் நில அலுவலகத்தில் கொடுத்து, குறிப்பிட்ட துண்டு நிலத்தின் மேல் பதிந்த பிறகுதான் பேட்டன்ட் வரும். பட்டா என்றால் அந்தப் பேட்டன்ட்தான்.

கோவை வாசகர்: வாரிசுகள் இப்போது கேட்டு வாங்க முடியுமா?

முடியாது. அந்தக் காலம் முடிந்துவிட்டது.

மதுரை வாசகர்: ஆபிரகாம் லிங்கனுக்கும் நிலம் கிடைத்ததாமே?

கிடைத்தது. 1832இல் இலினாயில் நடந்த பிளாக் ஹாக் போருக்கு லிங்கன் ஊர்ப்படையில் போனார். சகாக்களே அவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை இருந்தார், சண்டை எதிலும் இறங்கவில்லை. சேவை நான்கு மாதத்துக்குக் குறைவு என்பதால் 1850 சட்டப்படி 40 ஏக்கர் வாரண்ட். அது 1854இல் அயோவாவின் டாமா கவுண்டியில் பதிவானது. முன்பு வாங்கியதைக் கழித்து 160 வரை நிரப்பித் தருவது 1855 சட்டம். ஆகவே இன்னொரு 120 ஏக்கர். அதை 1859இல் அதே மாநிலத்தின் கிராஃபோர்டு கவுண்டியில் பதிந்தார். இரண்டையும் அவர் விற்கவில்லை, குடும்பத்துக்குப் போனது.

டாமா கவுண்டி என்ற பெயர் என்னை எப்போதும் நிறுத்திவிடும். பிளாக் ஹாக் என்பது ஒரு சாக் தலைவரின் பெயர். அவரோடு நின்றவர்கள் சாக், மெஸ்க்வாகி என்ற பூர்வகுடி மக்கள். அந்தப் போருக்குப் பிறகு மிசிசிப்பிக்கு மேற்கே இருந்த நிலத்தையும் துண்டு துண்டாக இழந்து, கடைசியில் கான்சஸ் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து திரும்பி வந்த மெஸ்க்வாகிகள் 1857இல் அதே டாமா கவுண்டியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை விரட்டிய போருக்காக ஒருவருக்கு 40 ஏக்கர் இனாம். அதே கவுண்டியில் அவர்கள் தங்கள் மண்ணையே விலை கொடுத்து வாங்கினார்கள்.

டாலஸிலிருந்து ஒரு தாய்: என் மருமகளின் முன்னோருக்கு விஸ்கான்சினில் 160 ஏக்கர் இருந்தது என்று பதிவு காட்டுகிறது. ஆனால் குடும்பம் டென்னசியை விட்டு நகர்ந்ததே இல்லையாம். எது சரி?

இரண்டும் சரிதான் அம்மா. அவர் வாரண்டை விற்றிருப்பார். 1852 மார்ச் சட்டம் வாரண்டைக் கைமாற்ற அனுமதித்தது. அதன் பிறகு தரகர்கள் ஊர் ஊராக வாங்கிக் குவித்தார்கள். அரசாங்க நிலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1.25 டாலர். வாரண்ட் சந்தையில் அதற்குக் கீழேதான் போனது. எழுபது வயதுக்காரருக்குத் தூரத்து நிலத்தைவிடக் கையில் வரும் காசு பெரிது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பேட்டன்டை எடுத்துப் படியுங்கள். முதலில் சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் வரும். அதற்குக் கீழே, வாரண்ட் யாருக்குக் கைமாறியதோ அவர் பெயர் வரும். நிலம் அந்த இரண்டாவது பெயருக்குத்தான். குடும்ப வரலாற்றில் ‘விஸ்கான்சினில் வாழ்ந்தார்’ என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வாரண்ட் வேறு, பட்டா வேறு.

ஈரோடு வாசகர்: என் நண்பர் மனைவி அமெரிக்கர். அவர் தாத்தாவின் தாத்தா நிலத்தைக் கேட்கலாமா?

கோவைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

வேலூர் வாசகி: சிப்பாய் இறந்துவிட்டால் மனைவிக்கு?

மனைவிக்கும், அவரும் இல்லையென்றால் வயது வராத பிள்ளைகளுக்கும் அப்போது உரிமை இருந்தது. நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தக் காகிதங்களில்தான் உயிர் இருக்கிறது. அச்சடித்த படிவம், நடுவில் கோடிட்ட இடங்கள். பெயர், வயது, எந்தக் கேப்டனின் கம்பெனி, எத்தனை நாள், எல்லாம் எழுத்தரின் கையெழுத்தில் இருக்கும். அடியில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி. மேலே ‘இவருடைய’, கீழே ‘குறி’ என்று எழுத்தர் சேர்த்திருப்பார். சில குறிகளில் மை நடுங்கி இழுபட்டிருக்கும். திருமணத்தை நிரூபிக்கப் பதிவேடு இல்லாத விதவைகள் குடும்பப் பைபிளிலிருந்து கல்யாணத் தேதி எழுதிய தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அது திரும்பி வரவில்லை, இன்னும் கோப்பில் இருக்கிறது.

சிவகங்கை வாசகர்: நம்மூர் முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் உண்டா?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

விருதுநகர் வாசகர்: லிங்கன் பதிலில் தேவையில்லாமல் பூர்வகுடிகளை இழுத்தீர்கள். சிப்பாய் உயிரைப் பணயம் வைத்தான், கூலி வாங்கினான். ஒப்பந்தம் போட்டவன் அவனா?

இல்லை, அவனில்லை. சிப்பாயை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசும்போது அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. எந்தப் பத்திரத்துக்கும் மூலப்பத்திரம் பார்ப்போமே.

1814 மார்ச் 27, இன்றைய அலபாமாவில் உள்ள ஹார்ஸ்ஷூ பெண்ட். ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை கிரீக் என்ற பூர்வகுடி மக்களின் ஒரு பிரிவைத் தாக்கியது. செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடியின் வீரர்கள் ஜாக்சன் பக்கம். அவர்களில் சிலர் டாலபூசா ஆற்றை நீந்திக் கடந்து எதிரியின் படகுகளைக் கைப்பற்றி வந்ததால்தான் பின்புறத்திலிருந்து தாக்க வழி கிடைத்தது. கிரீக்குகளில் ஒரு பிரிவினரும் ஜாக்சனோடு நின்றார்கள். ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் ஒப்பந்தம்: 2 கோடி ஏக்கருக்கு மேல் பறிபோனது. கூட நின்று சண்டை போட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் சேர்த்தி. செரோக்கிகளை 1838இல் துப்பாக்கி முனையில் மேற்கே ஓட்டினார்கள். அதில் ஹார்ஸ்ஷூ பெண்ட்காரர்களும் உண்டு.

அதே வாசகர் மீண்டும்: 1855 சட்டம் பூர்வகுடி வீரர்களுக்கும் நிலம் கொடுத்ததே. அதைச் சொல்லவில்லையே?

சொல்லத்தான் வந்தேன். வெள்ளையர்களைப் போலவே அவர்களுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வாரண்டை அரசின் பொது நிலத்தில் மட்டுமே பதிய முடியும். செரோக்கிக் கிழவர் குடியிருந்த இந்தியன் டெரிடரி, அதாவது விரட்டப்பட்ட பூர்வகுடிகளுக்கென மேற்கே ஒதுக்கிய பகுதி, பொது நிலம் இல்லை. தன் மக்களை விட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது தரகரிடம் விற்க வேண்டும். இழந்த வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இதை நீதி என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த விவாதம் இத்துடன் போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: உள்நாட்டுப் போர் வீரர்களுக்கும் இதே மானியமா?

இல்லை. 1855க்குப் பிறகு அப்படிச் சட்டம் போடவில்லை. அவர்களுக்கு 1872இல் வந்த சலுகை வேறு: ஹோம்ஸ்டெட் நிலத்தில், அதாவது குடியேறி உழுபவருக்கு அரசு கொடுத்த நிலத்தில், ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் ராணுவச் சேவைக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

சென்னை வாசகர்: பழைய வாரண்ட் நகல் கையில் இருந்தால் வாரிசு உரிமை...

இது மூன்றாவது முறை. இல்லை. உரிமை கோர முடியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டாலஸ் தாய் மீண்டும்: அசல் காகிதங்களை எங்கே பார்க்கலாம்?

பேட்டன்டை அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விண்ணப்பக் கோப்பும், ஒப்படைக்கப்பட்ட வாரண்டும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில். இரண்டும் தனித்தனிக் கோப்பு, இரண்டையும் கேளுங்கள். சுதந்திரப் போர்க்காலத்து முன்னோர் என்றால் ஒரு சிக்கல்: 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பிடித்ததில் ஆரம்பகால விண்ணப்பங்கள் எரிந்துபோயின. உங்கள் மருமகளின் முன்னோர் 1850க்குப் பிறகு விண்ணப்பித்தவர் என்றால் அந்தக் கவலை இல்லை. வாரண்ட் வந்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விற்ற தேதியும், வாங்கியவர் பெயரும், விற்றவருடைய கையெழுத்தோ பெருக்கல் குறியோ அங்கேதான் இருக்கும்.