சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் வீட்டில் தீபாவளியும் பொங்கலும்: கேள்வி பதில்

ஈசூன் வாசகி: அக்கா, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்குத் தேர்வு தீபாவளியை ஒட்டியே வருகிறது. பலகாரம் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடட்டுமா?

முழுக்க வாங்கிவிடாதீர்கள் அம்மா. பிள்ளை கை வைக்கக்கூடிய ஒன்றையாவது வீட்டில் செய்யுங்கள், மற்றதைத் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் வாங்கலாம். தேர்வு நேரத்துக்கு நெய் உருண்டைதான் சரி. வறுத்து அரைத்துச் சலித்த பாசிப்பயற்று மாவு 2 கப், பொடித்த சர்க்கரை 1 கப், ஏலக்காய். நெய் அரை கப்புக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். சூடான நெய்யை மொத்தமாக ஊற்றினால் உருட்டுவதற்குள் மாவு ஆறி உதிர்ந்துபோகும். மாவைப் பாதி பாதியாகப் பிரித்து, அந்தந்தப் பங்குக்கு மட்டும் நெய் விடுங்கள். சூட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கை பொறுக்கும் பதம் வந்ததும் மகள் உருட்டட்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

செங்காங் வாசகி: எங்கள் முறுக்கு எண்ணெயில் வெடிக்கிறது. தப்பித்தது இரண்டு நாளில் நமுத்துப்போகிறது.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் மாவுப் பையைப் பாருங்கள். பேரங்காடியில் சாதாரண அரிசி மாவும் புளூட் அரிசி (ஒட்டும் பசையரிசி) மாவும் ஒரே அடுக்கில், ஒரே மாதிரிப் பையில் இருக்கும். புளூட் மாவு கலந்தால் முறுக்கு உப்பும், வெடிக்கும், எண்ணெயும் குடிக்கும். அது சரியாக இருந்தால், உளுந்து மாவைச் சலித்தீர்களா என்று யோசியுங்கள். குருணையும், பிசையும்போது உள்ளே சிக்கிய காற்றும் வெடிக்க வைக்கும். குழாயில் மாவை இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்புங்கள்.

அளவு: அரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 கப், வெண்ணெய் 50 கிராம், உப்பு, ஓமம். வெண்ணெய் குறைந்தால் கல் மாதிரி ஆகும், கூடினால் எண்ணெயில் கரைந்து உதிரும். மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்காதீர்கள். நேரம் ஆக ஆக முறுக்கு சிவந்து எண்ணெய் இழுக்கும்.

நமுத்துப்போவதற்குப் பெரும்பாலும் தீதான் காரணம். தீ அதிகமானால் வெளியே சிவந்துவிடும், உள்ளே ஈரம் தங்கிவிடும். மிதமான தீயில், சலசலப்பு அடங்கிக் குமிழ் நிற்கும்வரை விட்டு எடுங்கள். இன்னொன்று, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஆறட்டும் என்று இரவு முழுக்கத் திறந்து வைத்தால் அதுவே கெடுத்துவிடும். சூடு தணிந்த உடனே டின்னில் போட்டு இறுக மூடுங்கள்.

தெம்பனீஸ் வாசகர்: அச்சு முறுக்கு அச்சை விட்டு வர மாட்டேன் என்கிறது.

அச்சு சூடாகவில்லை. எண்ணெய் காயும்போதே அச்சையும் உள்ளே வைத்திருங்கள். ஒவ்வொரு முறை முக்குவதற்கு முன்னும் அதை மறுபடி எண்ணெயில் சூடாக்கி, சொட்டும் எண்ணெயை உதறிவிட்டு முக்குங்கள். மாவில் பட்டதும் ‘சொய்ங்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். அச்சின் உயரத்தில் முக்கால் பங்குதான் மாவுக்குள் போகலாம். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வர வழியே இல்லை. புது அச்சு என்றால், முதல் நாள் இரவு அரிசிக் கஞ்சியில் ஊறவைத்துத் துடைத்து, எண்ணெயில் நன்றாகக் காய்ச்சி எடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை வேண்டாம். எண்ணெய் தெறிக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகி: பொங்கலன்று இங்கே விடுமுறை இல்லை. பிள்ளைகள் ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். எப்போது பொங்க வைப்பது? இந்திய நாள்காட்டியில் உள்ள நல்ல நேரத்தைப் பார்க்கலாமா?

இந்திய நாள்காட்டியை அப்படியே எடுக்காதீர்கள். தை பிறக்கும் நேரம் என்றால் இரண்டரை மணி நேரம் கூட்டினால் போதும். ராகு காலத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அது அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தை வைத்து வருவது. ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்குப் பிறகுதான். சிங்கப்பூருக்குக் கணித்த நாள்காட்டியைப் பாருங்கள், அல்லது கோயிலில் கேளுங்கள்.

நல்ல நேரம் பள்ளி நேரத்தில் விழுந்தாலும், பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே பால் பொங்கட்டும் என்பேன். ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தும் அந்த நிமிடத்துக்கு அவர்கள் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே அரிசி 1 கப், வறுத்த பாசிப்பருப்பு கால் கப் அளந்து வையுங்கள். வெல்லம் ஒன்றரை கப்பைக் கரைத்து வடிகட்டுங்கள். பானைக்கு மஞ்சள் கொத்தும் கட்டிவிடுங்கள். காலையில் சின்னப் பானையில் முக்கால் அளவு பாலும் தண்ணீரும் ஊற்றினால் பதினைந்து நிமிடத்துக்குள் பொங்கிவிடும். எரிவாயு அடுப்பில் பால் வழிந்து தீ அணையலாம், வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். திருகில் கை வைத்தபடியே நில்லுங்கள். பொங்கியதும் தீயைக் குறைத்து அரிசி, பருப்பைப் போடுங்கள். இடையில் நீர் வற்றினால் வெந்நீர் சேருங்கள். வெல்லத்தை அரிசி குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் அரிசி வேகாது, பாலும் திரியலாம். அந்த வேலையைப் பிள்ளைகள் கிளம்பிய பிறகு செய்துகொள்ளலாம். மின்தூண்டல் அடுப்பில் மண்பானை வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் பானை வேண்டும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கோலம் போட்டு விளக்கு வைக்கலாமா?

1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கோலத்தை வாசலை ஒட்டிச் சின்னதாகப் போடுங்கள். அகல் விளக்கைத் தட்டில் வையுங்கள். எண்ணெய் தரையில் சிந்தினால் பக்கத்து வீட்டுப் பெரியவர் வழுக்கி விழுவார். பட்டாசுக்கு இங்கே 1972 முதல் தடை. மத்தாப்பு கொளுத்துவதானால் கீழே திறந்த வெளியில், ஒரு வாளித் தண்ணீரோடு.

ஜூரோங் வாசகி: தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படைப்பது மாமியார் வழக்கம். அன்று எனக்கு வேலை நாள்.

வேலை முடிந்து வந்து மாலையில் படையுங்கள். சோறும் ஒரு குழம்பும் வீட்டில் ஆக்கினால் போதும், மற்றதை வாங்கி வைக்கலாம். மறைந்த மாமனார் விரும்பிச் சாப்பிட்டது எது என்று மாமியாரிடம் கேளுங்கள். மாமனார் தினமும் கோப்பி ஓ (பால் விடாத, சர்க்கரை போட்ட காப்பி) குடித்தவர் என்றால் அதையே ஒரு குவளையில் வையுங்கள், பிள்ளைகளையே வாங்கிவரச் சொல்லுங்கள். வாங்கியதை யாரும் ருசி பார்க்கும் முன் தனியே எடுத்து வையுங்கள். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் ஊசிப்போகும், அதனால் படைத்து முடிந்ததும் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள்.