தெரியும், ஆனால் செய்யவில்லை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

செவிலியர் முதுகலைப் படிப்புக்கான ஆய்வேடு செய்துகொண்டிருக்கிறேன். உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு 40 நிமிட வகுப்பும் படங்களுடன் ஒரு கையேடும். மற்ற குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 6 வாரம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்கு வந்தவர்களின் அறிவு மதிப்பெண் நன்றாக ஏறியிருக்கிறது. "மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே ஆமாம் என்கிறார்கள். ஆனால் இரத்த அழுத்தம் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரிதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வகுப்பால் எந்த வித்தியாசமும் இல்லை.

கையேட்டை இன்னும் அழுத்தமாக எழுதச் சொல்கிறார் என் வழிகாட்டி. பக்கவாதம் வந்தவர்களின் படங்களைச் சேர்க்கலாம் என்பது அவர் யோசனை. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அதனால் 21 நாள் தினமும் செல்பேசியில் செய்தி அனுப்பலாமா என்று நான் நினைக்கிறேன். எது சரி? கிடைத்த முடிவை வைத்து ஆய்வேட்டை முடிக்க முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

கையேட்டைத் தொடாதீர்கள். அதற்கு விதித்த வேலையை அது செய்துவிட்டது. உங்கள் கேள்வித்தாளே சாட்சி: நோயாளிகளுக்கு விஷயம் தெரிகிறது, சாப்பிட வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான் உங்கள் ஆய்வில் எதுவுமே வைக்கவில்லை. இனி கையேட்டில் எதைச் சேர்த்தாலும் நிரம்பிய குடத்தில் ஊற்றுவதாகத்தான் முடியும்.

இந்த இடைவெளியைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1965-லேயே வந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடன் இருந்தவர்களும் இறுதியாண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்குக் குலைநடுங்க வைக்கும் படங்களும் வர்ணனையும், சிலருக்கு மென்மையான எழுத்து. பயங்கரமானதைப் படித்தவர்கள் ஊசி அவசியம் என்று இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். போட்டுக்கொண்டவர்களை எண்ணிப் பார்த்தபோதோ, பயத்தின் அளவால் வித்தியாசம் வரவில்லை. வித்தியாசத்தைக் கொண்டுவந்தது ஒரு சாதாரணத் தாள். அதில் வளாகத்தின் வரைபடம், சுகாதார மையம் இருக்கும் இடம், ஊசி போடும் நேரம் எல்லாம் இருந்தன. தங்கள் வாரத்தைப் பார்த்து எப்போது அந்தப் பக்கம் போக முடியும் என்று யோசித்து வைக்கவும் மாணவர்களிடம் சொல்லப்பட்டது. தாள் பெறாதவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். பெற்றவர்களில் ஏறக்குறைய 28 சதவீதம். ஆபத்து பற்றிய செய்தி எதுவும் இல்லாமல் தாளை மட்டும் பெற்றவர்கள் போகவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆக, எண்ணம் வேண்டும். அது வந்த பிறகு அதையே மேலும் ஊதிப் பெருக்குவதில் பயனில்லை.

2006-இல் தாமஸ் வெப், பஸ்கல் ஷீரன் இருவரும் 47 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். எல்லாமே பங்கேற்பாளர்களின் எண்ணத்தை வெற்றிகரமாக மாற்றிய பரிசோதனைகள். எண்ணத்தில் மாற்றத்தின் அளவு 0.66 (இந்த அளவுகோலில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது). அதே ஆட்களின் நடத்தையில் 0.36. எண்ணத்தை மாற்றியதிலேயே வென்றவர்களுக்கு இந்தக் கதி என்றால், அறிவு மதிப்பெண்ணை மட்டும் ஏற்றிவிட்டு நடத்தை மாறும் என்று காத்திருக்க முடியாது.

பக்கவாதப் படங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்தும் செய்தி, 'இதை என்னால் தடுக்க முடியும், இதோ வழி' என்ற நம்பிக்கை வலுவாக இருப்பவரிடம் வேலை செய்யும். அது இல்லாதவரிடம் பயம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது: 'எனக்கெல்லாம் வராது', 'வருவது வரட்டும்', அல்லது கையேட்டை மூடி வைத்துவிடுவது. கிம் விட்டியும் மைக் ஆலனும் 2000-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே நோயோடு வாழ்பவரிடம் இந்தப் படங்களை நீட்டுவது எனக்குச் சரியாகவும் படவில்லை.

அடுத்து, நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று. உங்கள் நோயாளிகள் மாத்திரை சாப்பிடவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீங்கள் அளந்தது இரத்த அழுத்தத்தை. மாத்திரைக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. எழுதிக்கொடுத்த அளவு போதாமல் இருக்கலாம். இடையில் மருத்துவர் ஒரு குழுவில் சிலருக்கு மருந்தைக் கூட்டியிருக்கலாம். அளவு அதிகமாக இருந்த நாளில் ஆட்களைச் சேர்த்திருந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவீடு சராசரியை நோக்கி இறங்கும். இரண்டு குழுவிலும் கொஞ்சம் இறங்கியதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கக்கூடும். நடத்தையை மாற்றும் ஆய்வில் நடத்தையை அளந்தே ஆக வேண்டும். இரத்த அழுத்தத்தை அதற்குப் பக்கத்தில் வைக்கலாம், அதன் இடத்தில் வைக்கக் கூடாது.

அளப்பதற்கு முன் நடத்தையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல்' என்பதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. முதல் மாத்திரையை விழுங்கத் தொடங்குவது ஒன்று. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், நாள் தவறாமல் சாப்பிடுவது இன்னொன்று. மாதங்கள் கடந்தும் நிறுத்தாமல் இருப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் வேறு காரணத்தால் உடைகிறது. மறதியால் வாரத்தில் இரண்டு நாள் விடுபவருக்கும், 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று அடியோடு நிறுத்தியவருக்கும் ஒரே வகுப்பு எடுத்தால் இருவருக்குமே அது பொருந்தாது.

எதனால் உடைகிறது என்று கண்டுபிடிக்க, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சூசன் மிக்கியும் அவர் குழுவும் 2011-இல் முன்வைத்த சட்டகம் போதும்: திறன், வாய்ப்பு, உந்துதல். திறன் என்றால் நினைவில் வைக்க முடிகிறதா, சீட்டில் இருப்பது புரிகிறதா. வாய்ப்பு என்றால் மாத்திரை தீர்ந்ததும் வாங்க முடிகிறதா, வேலை செய்யும் இடத்தில் விழுங்கத் தோதிருக்கிறதா. உந்துதலை, மருந்து உட்கொள்ளும் நடத்தையை ஆராய்ந்த ராப் ஹோர்ன் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்: இந்த மருந்து எனக்குத் தேவை என்று எவ்வளவு நம்புகிறார், மருந்தைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார். தேவையை ஒப்புக்கொண்டாலும் 'நாளாக ஆகச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ' என்ற கவலை மேலோங்கினால், அவர் தெரிந்தேதான் விடுவார். அவருக்கு நினைவூட்டும் செய்தி அனுப்பிப் பலனில்லை. கவலையைக் காதுகொடுத்துக் கேட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 10, 15 பேரிடம் உட்கார்ந்து பேசினாலே எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரிய ஆரம்பித்துவிடும். தலையீட்டை வடிவமைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான ஆய்வேடுகள் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

மறதிதான் பெரிய காரணம் என்று தெரியவந்தால், 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டம் எழுதவைக்கும் முறையைப் பரிந்துரைப்பேன். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வளர்த்தெடுத்தது. அவரும் ஷீரனும் 2006-இல் தொகுத்த 94 சோதனைகளில் அதன் விளைவு 0.65. பார்க்க எளிதாக இருப்பதாலேயே இதை அரைகுறையாகச் செய்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் நேற்றுக் காலை கண்விழித்ததிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பியது வரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளிலும் மாறாமல் நடப்பது எது என்று அவரிடமே கேளுங்கள். அவற்றில் முடிவு தெளிவாகத் தெரியும் ஒரு செயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'காலையில்' என்பது உதவாது. காலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? 'பல் துலக்கி பிரஷ்ஷைத் திரும்ப வைத்ததும்' உதவும். கை காலியாகிறது, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. மாத்திரைக்கு அந்த நொடியில்தான் இடம் கிடைக்கிறது. மாத்திரை பிரஷ் இருக்கும் அறையில் இல்லையென்றால் திட்டம் அங்கேயே செத்துவிடும். அட்டையை எங்கே வைப்பார், அந்த இடம் ஈரமாகுமா, குழந்தைகளுக்கு எட்டுமா என்பது வரை பேசுங்கள். மருத்துவர் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

பிறகு அவர் கையாலேயே எழுத வேண்டும்: 'பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும், அங்கேயே நின்று, மாத்திரையை விழுங்குவேன்.' நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் திட்டமாகிவிடும். எழுதத் தெரியாதவர் என்றால் வாய்விட்டு மூன்று முறை சொல்லட்டும். அதன்பின் தடங்கலுக்கு இன்னொரு வாக்கியம், ஒன்றே ஒன்று. வெளியூர் கிளம்பும்போது, அல்லது அட்டையில் 7 மாத்திரை மிச்சமிருக்கும்போது என்ன செய்வார் என்று. ஐந்தாறு திட்டங்களை எழுதவைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. எண்ணமே இல்லாதவரிடம் இந்த முறை பலிக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கவலையால் நிறுத்தியவர் அழகாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாறிய தோற்றத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. 'குறைந்தது' என்ற சொல் வழியில் உதிர்ந்துபோனது. பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலை 84 நாள் செய்துவந்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் எட்டிய காலம், 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை விரிந்தது அது; 84 நாளைத் தாண்டியவை கணக்கிட்டு மதிப்பிட்டவை. உங்கள் 6 வாரம் என்பது 42 நாள். பாதிப் பேருக்கு மேல் பழக்கம் முற்றாத கட்டத்திலேயே நீங்கள் அளந்துவிட்டீர்கள். அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. இதை நோயாளிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், கூடவே 'விட்டதற்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்' என்றும். செய்தி அனுப்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழக்கம் பிரஷ்ஷோடு ஒட்டாமல் செல்பேசியோடு ஒட்டிக்கொண்டால், செய்தி நின்ற நாளில் அதுவும் நின்றுவிடும். அனுப்பினாலும் படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகு ஒரு மாதமாவது கழித்து அளந்து பாருங்கள்.

அளவீட்டுக்கு வருவோம். 'தவறாமல் சாப்பிடுகிறீர்களா?' என்று செவிலியர் சீருடையில் கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். 'பலருக்கும் சில நாள் விட்டுப்போகும். கடந்த 7 நாளில் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போனது?' என்று கேளுங்கள். மாத்திரையை எண்ணுவது கொஞ்சம் மேல், ஆனால் எண்ணப்போகிறார்கள் என்று தெரிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. மாத்திரைப் புட்டியைத் திறக்கும் நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணு மூடி இவற்றைவிட நம்பகமானது. அதுவும் திறந்ததைத்தான் சொல்லும், விழுங்கியதைச் சொல்லாது. மூடி இருப்பதே நினைவூட்டலாகிவிடும் என்பதால் இரண்டு குழுவுக்கும் கொடுத்து, முதல் சில வாரங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. பரிசோதனைக்கு வரும் நாளை ஒட்டி ஒழுங்காகச் சாப்பிடும் வழக்கமும் பரவலாக இருப்பதால், அந்த வாரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

உங்கள் இரண்டு குழுக்களும் ஒரே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தால், கையேடு கைமாறியிருக்கும். அதைத் தவிர்க்க மையம் மையமாகப் பிரிக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரே மையத்துக்கு வருபவர்கள் ஓரளவு ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் கூடுதல் ஆட்கள் வேண்டும். ஒரு மையத்தில் 20 பேர், இந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொண்டால், தேவையான ஆட்கள் 1 + (19 × 0.05), அதாவது 1.95 மடங்கு. ஏறக்குறைய இரட்டிப்பு. முதுகலை ஆய்வுக்கு இது கட்டுப்படியாகாது. ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்து, இரு குழுவையும் வெவ்வேறு நாளில் வரவழையுங்கள்.

கடைசிக் கேள்விக்கு: தாராளமாக முடிக்கலாம். வித்தியாசம் இல்லை என்பதும் முடிவுதான், மறைக்காதீர்கள். ஆய்வேட்டில் 'சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் கடந்துபோகாமல், யார் கொடுத்தார், எத்தனை நிமிடம், எங்கே, என்னென்ன சொன்னார், எத்தனை பேர் முழுதாக இருந்தார்கள் என்று எழுதுங்கள். இப்படி விவரிக்க உதவும், 2014-இல் வந்த டைடியர் (TIDieR) சரிபார்ப்புப் பட்டியலின் 12 அம்சங்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மிக்கி குழுவினர் 2013-இல் வகைப்படுத்திய, நடத்தையை மாற்றும் 93 உத்திகளில் உங்கள் வகுப்பில் எவை இருந்தன என்று அட்டவணை போடுங்கள். விளைவுகளைப் பற்றிய தகவலுக்கு நேராக மட்டும் குறி விழும் என்று நினைக்கிறேன், செயல்திட்டம் என்ற வரி காலியாக இருக்கும். வழக்கமான கவனிப்பு என்றால் என்ன என்பதையும் அதே அளவு விவரமாக எழுதுங்கள். அங்குள்ள செவிலியர்கள் ஏற்கெனவே நன்றாக விளக்குபவர்களாக இருந்து, உங்கள் வகுப்புக்குச் சேர்க்க எதுவும் மிச்சமில்லாமல் போயிருக்கவும் வாய்ப்பிருக்கிறது. கையேட்டை முழுதாகப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அதில் திருத்த எதுவும் இருக்காது, அதற்குப் பின்னால் ஒரு தாளைச் சேர்த்தால் போதும்.