படிவம் 2 படிக்கும் மகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஹேண்ட்போன் பார்த்தால் மனநலம் கெடும்? கணக்கு ஏதும் உண்டா?

அப்படி ஒரு மணிக்கணக்கு கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள், அதை நம்பி வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் டியூஷன் எடுக்கிறேன், பொழுது முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளோடுதான். எவ்வளவு நேரம் பார்ப்பாய் என்று கேட்டால் "ரெண்டு மணி நேரம் சார்" என்பான், செட்டிங்ஸைத் திறந்தால் அந்த இரண்டு மணி நேரம் சனிக்கிழமை பசியாறுவதற்குள்ளேயே தீர்ந்திருக்கும். பொய் இல்லை, அவனுக்கே தெரியாது. ஆனால் பல பெரிய ஆய்வுகள் இப்படிப் பிள்ளைகள் வாயால் சொன்ன நேரத்தை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. 2021-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சொன்ன நேரமும் கருவியில் பதிவான நேரமும் ஏதோ ஓரளவுக்குத்தான் ஒத்துப்போயின.

அப்புறம், ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க, பிரிட்டன் இளையோர் 3,55,358 பேரின் தரவு. அதை ஒரே வழியில் கணக்குப் போடாமல், போடக்கூடிய ஆயிரக்கணக்கான வழிகளிலும் போட்டுப் பார்த்தார்கள், ஏனென்றால் எந்தக் கேள்வியைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடுகிறது. மனநலத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வந்தது! அதுவும் வெறும் தொடர்புதான், போன் பார்த்ததால் சோர்வு வந்ததா, சோர்வால் போனைத் தேடினார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா? அதுவும் இல்லை, சராசரிக்குள் உங்கள் மகள் காணாமல் போய்விடுவாள். நெதர்லாந்தில் 63 பிள்ளைகளிடம் ஒரு வாரம், தினமும் 6 முறை, இப்போது மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள் (2020-இல் வந்தது). மற்றவர்களின் பதிவுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதம் பேருக்கு மனம் கொஞ்சம் நன்றாக இருந்தது, 44 சதவீதத்துக்கு மாற்றமே இல்லை, 10 சதவீதத்துக்கு மோசமானது. சிறிய ஆய்வுதான், ஆனால் எனக்கு மற்றதைவிட இதில்தான் நம்பிக்கை, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் அதே பிள்ளையின் நேற்றோடு இன்றை ஒப்பிடுகிறது.

நீங்களும் அதையே செய்யலாம். போனைக் கீழே வைத்ததும் முகம் எப்படி இருக்கிறது, எந்த ஆப் பார்த்த பிறகு எரிந்து விழுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், இதைச் சில வாரம் கவனியுங்கள், அவளுக்கும் சொல்லிவிட்டே கவனியுங்கள், ஒளிந்து பார்க்க வேண்டாம். தூக்கம் கெடுகிறதென்றால் மற்றதெல்லாம் அப்புறம், ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து.

சாப்பாடு, தூக்கம், தோழிகள் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியே இருந்தால் அது திரை நேரக் கணக்கில் தீரும் விஷயமில்லை. பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியரிடம் பேசுங்கள், அல்லது மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் (HEAL) 15555-க்கு அழையுங்கள்.